சித்தூர் ஜில்லாவின் கடல்

சித்தூர் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. இதை ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், கோவர்த்தனனைத் தவிர.

அவன் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தான். பாடம் தர்க்க சாஸ்திரம். கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு அவன்தான் மாணவ ஆசிரியர். தமிழ்ப் பகுதி என்றால் மொத்தம் எட்டுப் பக்கம், அதில் இரண்டு விளம்பரம். இருந்தாலும் ஆசிரியருக்கென்று நூலகத்தில் ஒரு நாற்காலி உண்டு. அதில் கைப்பிடிகூட இருந்தது.

1960 ஏப்ரல் முதல் தேதி ராஜ்யங்களின் எல்லை மாறியது. சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. அதற்குப் பதிலாகப் பொன்னேரி தாலுக்காவிலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் சித்தூர் ஜில்லாவுக்கு வந்தன. முருகன் கைவிட்டுப் போய்விட்டானே என்று விடுதியின் தமிழ்ப் பையன்கள் இரண்டு வேளை சாப்பாட்டைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்கள். கோவர்த்தனன் குறைக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து தர்க்கம் செய்தான். பொன்னேரி தாலுக்காவுக்குக் கடல் உண்டு. பொன்னேரி தாலுக்கா ஊர்கள் நமக்கு வந்துவிட்டன. ஆகவே கடலும் வந்துவிட்டது. அவனுடைய பேராசிரியர் இதைப் பார்த்திருந்தால் இந்தவகைத் தர்க்கத்துக்கு உள்ள லத்தீன் பெயரைச் சொல்லியிருப்பார். அது நல்ல பெயர் அல்ல.

மறுநாள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அவன் கட்டுரை தொங்கியது. 'நம் ஜில்லாவில் மலை இருக்கிறது, மலைமேல் பெருமாள் இருக்கிறார், அடிவாரத்தில் மாம்பழம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அதுவும் வந்துவிட்டது. ஒரு முருகனைக் கொடுத்தோம், ஒரு கடலை வாங்கினோம்.'

இதை நின்று நிதானமாகப் படித்தவன் நாகபூஷணம். நெல்லூர்க்காரன், தெலுங்குப் பகுதியின் ஆசிரியர். தெலுங்குப் பகுதி நாற்பது பக்கம்.

"ஏமப்பா கோவர்தன்," என்றான், "கடல்னா எப்பிடி இருக்கும் தெரியுமா ஒனக்கு? எங்க ஜில்லாவுல நூறு மைல் இருக்குது. காவாலண்டே சொல்லு, ஒரு மைல் தானமா எழுதித் தர்றேன்."

"உங்க தானம் வேணாம். எங்களுக்கே கீது."

"அப்பிடியா? மலர் திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது. மொதல் பக்கம் காலி. அதுல உங்க ஜில்லா கடல் வரணும். இல்லேன்னா நீ கையெழுத்துப் போட்ட மன்னிப்பு வரணும். மன்னிப்பு வந்தா நாற்காலிய விட்டு எந்திரிச்சுடணும். சரேனா?"

சுற்றி இருபது பேர் நின்றார்கள். இருபது பேர் முன்னால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லக் கோவர்த்தனனுக்குப் பழக்கமில்லை.

"சரே," என்றான்.

இது இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கட்டுரையைப் பற்றிக் குவேசி வேறு கேள்விப்பட்டுவிட்டான்.

குவேசி கானா நாட்டுக்காரன். சர்க்கார் உதவித்தொகையில் படிக்க வந்தவன். அவன் ஊர் கடற்கரை, அப்பா மீனவர். வந்து இரண்டு வருஷமாகிறது. பாடத்தை ஆங்கிலத்தில் படித்தான், தமிழை விடுதிச் சமையற்கார லட்சுமம்மாவிடம் கற்றான். ஆகையால் ஆறடி உயரமும் கனத்த குரலும் கொண்ட அந்த வாலிபன் வாயைத் திறந்தால் ஐம்பது வயது லட்சுமம்மா பேசினாள்.

"இன்னாடா கோவர்த்தனா," என்று அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "ரெண்டு வருசமா கடல வச்சிக்கினு எங்கையில சொல்லாம கீறியே, நல்லா இருப்பியா நீ? நான் இங்க தண்ணித் தொட்டியப் பாத்துப் பாத்துக் குளிச்சிக்கினு கீறேன்."

"இப்பத்தான்டா வந்துச்சு. ஒண்ணாந்தேதி."

"எங்க நைனாவுக்குக் கடுதாசி போட்டுட்டேன். என் சிநேகிதன் ஜில்லாவுல கடல் கீது, சனிக்கிழமை போறோம்னு."

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். மலருக்கும் நானே எழுதித் தரேன். மொதல் பக்கம்."

கோவர்த்தனன் அன்று முதன்முதலாக நிலப்படத்தை எடுத்துப் பார்த்தான். படம் பழையது. அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேர் பஸ் ஏறினார்கள். கோவர்த்தனன், குவேசி, கையில் நோட்டும் பென்சிலுமாக நாகபூஷணம், நாலாவது திருமலை. திருமலையின் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். வழியில் சோறு கிடைக்கும் என்பதற்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனும் அதற்காகவே வந்தான்.

நாராயணவனத்தில் ஏறிய ஒரு பெரியவர் குவேசியை நாலு மைல் தூரம் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு பொறுக்கமாட்டாமல், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார்.

"மீன் புடிக்கிறவங்க," என்றான் குவேசி.

"அப்ப சரி," என்று பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

திருமலையின் அம்மா அம்சவேணி களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நாகபூஷணம் களியைப் பல்லில் வைத்து அரைத்துக்கொண்டே இருந்தான். குவேசி உருட்டினான், குழம்பில் தோய்த்தான், மெல்லாமல் விழுங்கினான். அவன் ஊரிலும் மாவைக் கிண்டி இப்படித்தான் விழுங்குவார்களாம்.

"பாரு, எந்தத் தேசத்துப் புள்ளையோ, களி துன்னத் தெரியுது," என்றாள் அம்சவேணி. "நெல்லூர்ப் புள்ள மாடாட்டம் மென்னுக்கினே கீது. முழுங்கு நைனா, ஒண்ணும் ஆவாது."

விழுங்கிவிட்டு நாகபூஷணம் வேலையை ஆரம்பித்தான். "அம்மா, இப்ப நீங்க சித்தூர் ஜில்லாதானே? இங்க கடல் எங்க இருக்குது?"

"இன்னாது, கடலா?" அவள் கரண்டியோடு நின்றாள். "போன மாசம் வரைக்கும் மெட்ராஸ் கவர்மெண்டுன்னாங்க, இப்ப ஆந்திரா கவர்மெண்டுன்றாங்க. நாங்க இங்கியேதான் கீறோம். கடல் ஆரம்பாக்கம் தாண்டி, ஏரிக்கு அந்தாண்ட கீது. அது நம்முது இல்ல நைனா."

"புது மேப்பு இன்னும் வரல அத்தை," என்றான் கோவர்த்தனன்.

"மேப்புல வந்தா கடல் இங்க வந்துடுமா? வந்தா சொல்லு, வேர்க்கடலைய மேட்டுல காய வெச்சுக்கிறேன்."

திருமலைக்குப் புரையேறியது. கோவர்த்தனன் களியை இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டான். வாயில் களி இருக்கும்வரை பதில் சொல்லவேண்டியதில்லை.

சனிக்கிழமை விடியலில் கிளம்பி, பாதி வழி மாட்டு வண்டியிலும் பாதி வழி வைக்கோல் லாரியிலுமாக ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பழவேற்காட்டு ஏரி கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. குவேசி மூக்கை உயர்த்தி, "வாசனை வருது, ஆனா கடல் இல்ல," என்றான். நாகபூஷணம் நேரே ஊர்க் கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்தான்.

"இது எந்த ஜில்லா சார்?"

"செங்கல்பட்டு."

"வடக்கே?"

"நெல்லூர்."

"நடுவுல?" என்று கேட்டது கோவர்த்தனன்.

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "நடுவுல தண்ணிப்பா."

நாகபூஷணம் நோட்டில் குறித்துக்கொண்டான். எழுத்தெழுத்தாக, அழகாக எழுதினான். அவசரமே காட்டவில்லை. கோவர்த்தனன் கடைசியாக ஒரு தர்க்கம் தேடினான், அகப்படவில்லை. இனி மிச்சம், குவேசியிடம் சொல்வது ஒன்றுதான். அதைத்தான் அவனால் சொல்ல முடியவில்லை. கானாவில் ஒரு மீனவர் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாரே.

அக்கரைக்குப் போனால்தான் கடல். படகு கேட்கக் கரைக்குப் போனார்கள். அங்கே கங்கையா என்பவரும் அவர் ஆட்கள் ஐந்து பேரும் ஒரு பெரிய நூல் வலையை மணலில் பரப்பிப் போட்டு, அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். வலையில் ஒரு ஆள் நுழைந்து போகலாம் போல நாலைந்து இடத்தில் கிழிசல்.

"படகு வராது தம்பி," என்றார் கங்கையா, தலை நிமிராமல். "இன்னிக்கு எங்க பாடு."

அந்த ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. சீட்டுப் போட்டு நாளும் இடமும் பிரித்துக்கொள்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். எல்லையில் எந்த ராஜ்யம் எதைப் பிடுங்கினாலும் இந்தக் கணக்கை யாரும் தொட்டதில்லை. அன்று கங்கையாவின் பாடு. வலையோ தண்ணீருக்குள் கிடந்த கட்டையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. நீரோட்டம் திரும்புவதற்குள் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஊருக்கு. அடுத்த ஊர்ப் படகு அதோ தூரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்து நின்றது.

"எம்மா நேரம் கீது?" என்று கேட்டான் குவேசி.

குரல் வந்த திசையில் கங்கையா பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "வெயில் தலைக்கு வர்றதுக்குள்ள."

குவேசி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வலையில் உட்கார்ந்தான். யாரோ வைத்திருந்த மூங்கில் ஊசியைக் கேட்காமலே எடுத்தான். நூலைக் கோத்து, வலைக் கண்ணுக்குள் விட்டு, சுற்றி, இழுத்தான். ஒரு முடிச்சு. அடுத்தது. அடுத்தது. ஐந்து பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க? கைய ஓட்டுங்க," என்றான் குவேசி, லட்சுமம்மா பாத்திரம் தேய்க்கும் பெண்களை அதட்டுகிற தொனியில்.

கோவர்த்தனன் அந்த முடிச்சைப் பார்த்தான். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தான். இழுத்து இறுக்கியதும் ஒரு நூல் மடிந்து நிற்க, மற்ற நூல் அதன் கழுத்தைச் சுற்றித் தன் மேலேயே அமுங்கிக்கொண்டது. அவனுக்குத் தெரிந்த முடிச்சு. நகரியில் அவன் வீட்டுத் தறியில் பாவு இழை அறுந்தால் போடுவது இதைத்தான். அங்கே முடிச்சு சின்னதாக இருக்கவேண்டும். தடித்தால் இழையை ஏற்றி இறக்குகிற விழுதில் சிக்கும், சிக்கினால் பக்கத்து இழையும் போகும், போனால் நைனா கையில் இருப்பதை எடுத்து எறிவார். ஏழு வயதிலிருந்து அவன் விரல் அதைப் போட்டிருக்கிறது.

அவன் உட்கார்ந்தான். ஊசி கேட்கவில்லை. அறுந்த இரண்டு முனையையும் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்தான், சுற்றினான், நகத்தால் தள்ளினான், இழுத்தான். விரல் போன வேகம் அவனுக்கே தெரியவில்லை. தறி நூல் மயிரிழை மாதிரி இருக்கும், வலை நூல் அதற்கு முன் கயிறு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

குவேசி ஒன்று முடிப்பதற்குள் அவன் இரண்டு முடித்தான்.

"அடப்பாவி," என்றான் குவேசி.

நாகபூஷணத்தையும் சும்மா விடவில்லை. "நீ எந்த ஊரு தம்பி?" என்று கேட்ட கங்கையா, "நெல்லூர்" என்று பதில் வந்ததும், "அப்ப கடக்கரைப் புள்ளையாச்சே, புடி," என்று இரண்டு முனையைக் கையில் கொடுத்தார். நாகபூஷணத்தின் அப்பாவுக்கு அரிசி மண்டி. நூறு மைல் கடலையும் அவன் வண்டியில் உட்கார்ந்து பார்த்தவன். அவன் போட்ட முடிச்சைக் கங்கையா ஊதினார், அவிழ்ந்துவிட்டது. பென்சில் பிடித்த விரல் அப்படித்தான் இருக்கும் என்று அவரே சமாதானமும் சொன்னார். திருமலை வலையின் ஓரத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டான். பிடிப்பது என்றால் அதன்மேல் உட்கார்ந்திருப்பது.

கடைசிக் கிழிசல் மூடியபோது கங்கையா கோவர்த்தனனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்தக் கடக்கரை தம்பி? இந்தக் கை ஏரிக்கை இல்ல. கடல்கை."

அது எல்லோர் காதிலும் விழுந்தது. நாகபூஷணமும் நோட்டைத் திறந்துவிட்டான்.

சொல்லியிருக்கலாம். சித்தூர் ஜில்லாக் கடற்கரை என்று அவன் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் ஆறு சாட்சி உண்டு, விரல் உண்டு, குவேசி அதை அப்படியே எழுதித் தந்திருப்பான். தர்க்கமும் தயாராக வந்து நின்றது. வலை முடிச்சு போடுகிறவன் கடற்கரைக்காரன். கோவர்த்தனன் வலை முடிச்சு போடுகிறான். ஆகவே.

ஆனால் அவனுக்குக் கோபம் வந்தது. நைனாவிடம் எத்தனை ஏச்சு வாங்கிக் கற்ற முடிச்சு! நகரியில் ஒரு தெரு முழுக்கப் பகலெல்லாம் போடுகிற முடிச்சு. அதற்கான பேரை, முந்தாநாள் வந்த ஒரு கடல், அதுவும் வராத கடல், தட்டிக்கொண்டு போவதா? விடுதியில் இத்தனை நாளாக 'அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம்' என்று சொல்லிவந்தவனும் இவன்தான். அதுவும் அப்போது ஞாபகம் வந்தது, காது சுட்டது.

"கடக்கரை இல்லண்ணா," என்றான். "எங்க ஜில்லாவுலயே கடல் கெடையாது. நான் சும்மா எழுதினேன். எனக்கு ஊரு நகரி. எங்க நைனா தறி நெய்றாரு. இது எங்க முடிச்சு."

நாகபூஷணத்தின் பென்சில் நகரவில்லை.

"உங்க முடிச்சா?" என்றார் கங்கையா. "எங்க தாத்தா காலத்துலருந்து இது எங்க முடிச்சு."

"எங்க நைனாது," என்றான் குவேசி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கும் ஒரு எல்லைக் கமிஷன் போடவேண்டியதுதான். போட நேரமில்லை, வெயில் தலைக்கு வந்துகொண்டிருந்தது. வலையைப் படகில் அள்ளிப் போட்டார்கள்.

வலை கட்டி முடிந்ததும் கங்கையா பாயை அக்கரைக்குத் திருப்பினார். போகும்போது கோவர்த்தனன் குவேசியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க நைனாவுக்குப் பொய் எழுத வெச்சிட்டேன்டா," என்றான்.

"வேற கடுதாசி போடறேன்." குவேசி தண்ணீரில் கையை விட்டு அளைந்தான். "கடல் எங்க ஊட்டு வாசல்லயே கீது, அதுல அவருக்கு இன்னா? அவர் முடிச்ச அவரவிட வெரசா போடற பையன் கூடப் படிக்கிறான்னு எழுதினா, கெழவரு தெருவையே கூட்டி வெச்சிப் படிக்கச் சொல்வாரு. மொதல்ல நம்பமாட்டாரு. அப்புறம் ஒன்ன வரச் சொல்வாரு. போட்டிக்கு."

"வரேன்னு எழுது," என்றான் கோவர்த்தனன். அவன் அதுவரை மெட்ராஸ்கூடப் போனதில்லை.

மணல் மேட்டையும் சவுக்குத் தோப்பையும் தாண்டியதும் கடல் வந்தது. எந்த ஜில்லா என்று யாரும் கேட்கவில்லை. குவேசி முதலில் அசையாமல் நின்றான். பிறகு சட்டையோடும் செருப்போடும் உள்ளே நடந்தான், இடுப்பளவு போய்த் தன் பாஷையில் ஏதோ சொன்னான், நெடுநேரம் சொன்னான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. உதட்டை நக்கிப் பார்த்து, "உப்பு சரியா கீது," என்றான்.

இரவு மணலிலேயே படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை கரையோரமாகவே தெற்கே நடந்து, முகத்துவாரத்தைப் படகில் கடந்து பழவேற்காட்டை எட்டினார்கள். அங்கே ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்து, நாகபூஷணத்தின் நோட்டை வாங்கி, செங்கல்பட்டு, நெல்லூர் என்று குறித்திருந்ததற்குக் கீழேயே கோவர்த்தனன் எழுதினான்:

'சித்தூர் ஜில்லாவுக்குக் கடல் இல்லை. இருக்கிறது என்று நான் எழுதியது பிழை. அந்தப் பிழைக்காக ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ஆனால் இந்த மாதம் பதினாறாம் தேதி பழவேற்காட்டு ஏரியில் இறங்கிய ஒரு வலையில் முப்பத்தேழு முடிச்சுகள் நகரியில் கற்றவை. கடலோரத்து ஜில்லாக்கள் எவற்றுக்கேனும் முடிச்சு தேவைப்பட்டால் எழுதவும். இப்படிக்கு, கோவர்த்தனன், நெசவாளர் மகன், நகரி, சித்தூர் ஜில்லா.'

நாகபூஷணம் இரண்டு தரம் படித்தான். "ஏமப்பா, இது மன்னிப்பா?"

"விலகுறேன்னு கீதே."

"கீது. ஆனா படிச்சா எங்க ஜில்லாதான் உங்க ஜில்லாகிட்ட மன்னிப்பு கேக்குற மாதிரி இருக்குது."

"அப்ப அடிச்சுடு."

நாகபூஷணம் பென்சிலை எடுத்தான், 'கடலோரத்து ஜில்லாக்கள்' என்ற இடத்தில் வைத்தான், கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்துவிட்டான். நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

மலர் அப்படியே அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் தமிழில் கோவர்த்தனன், அதன் கீழே ஆங்கிலத்தில் குவேசி, வலையின் கண்ணைப் படம் போட்டு. கைப்பிடி வைத்த நாற்காலி திருமலைக்குப் போயிற்று. அவன் அதில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினான், தமிழ்ப் பகுதிக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

மலர் வந்த மறுநாள் சாயங்காலம் கோவர்த்தனனின் அறை வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். ஒருவன் கையில் அறுந்த செருப்பு வார், ஒருவன் கையில் கொடிக்கயிறு, ஒருவன் கையில் பைஜாமா நாடா, சும்மா முடிச்சைப் பார்க்க வந்தவர்கள் நாலு பேர். கோவர்த்தனன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எங்க ஊர்ல இப்டிப் போடுவாங்க, பாருங்க," என்று ஒவ்வொருவருக்கும் மெதுவாகச் செய்து காட்டினான். வரிசையில் முதல் ஆளாக நின்றவன், புத்தம் புது நூல்கண்டு ஒன்று கடையில் வாங்கிவந்திருந்தான். மரியாதை கருதி அவன் பெயரைச் சொல்ல வேண்டாம். நெல்லூர் ஜில்லா.